போலத் தெரிகிறது

தானே புயல் அடித்த டிசம்பரில்
வெள்ளாறு காட்சியறைக்குள் வந்து
முழங்கால் உயரம் நின்றது.
கற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை,
அவை தண்ணீரில் பிறந்தவை.
லேபிள்கள்தான் செத்தன.
நீல மையில் எழுதிய பெயரெல்லாம் கரைந்து
சீட்டுக்கு ஒரு மேகம்.

அன்றிலிருந்து பரங்கிப்பேட்டையில்
இருநூற்றுப் பதினேழு பவளங்கள்
பெயரில்லாமல் அலமாரியில் இருக்கின்றன.
பதினாலாயிரம் தொகுப்பூதியத்துக்கு
அவற்றுக்குப் பேரினம் தேடுகிறவள்
சஹர்பான் ஆகிய நான்.

இன்று எண்பத்து மூன்று.
உரித்த தேங்காய் அளவில் ஓர் உருண்டை.
லென்சுக்குக் கீழே தேனடை.
அறைக்கு ஒரு வாய், ஒரு வயிறு,
அதைச் சுற்றித் தானே கட்டிய வீடு.
ஆள் போனபின் மிஞ்சிய சுண்ணாம்பு.

நூலில் கேள்வி சின்னது:
பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போடுகிறதா?
ஆம் என்றால் ஃபேவைட்டிஸ்.
ஆளுக்கொரு சுவர், நடுவே எறும்பு போகிற சந்து என்றால்
ஃபேவியா.
இல்லை, அப்படி எழுதக்கூடாது இப்போது.
மரபணுவைப் பிரித்துப் பார்த்தவர்கள்
அந்தப் பெயரை அட்லாண்டிக்குக்கே விட்டுவிட்டு
நம் பக்கத்துக் கடலுக்கு
1830இல் வைத்து வெகுகாலம் யாரும் கூப்பிடாத ஒன்றைத்
தூசி தட்டித் தந்தார்கள்:
டிப்சாஸ்ட்ரேயா.
ஒரே ரேஷன் கார்டில் அத்தனை காலம் இருந்தவர்கள்
நெருங்கிய சொந்தமே இல்லையாம்.

ஊசியை விட்டுப் பார்த்தேன்.
மேல் பாதியில் சந்து இருக்கிறது.
கீழ்ப் பாதியில் ஊசி முட்டி நிற்கிறது.
ஒரே கல்.
ஒரு துளி உயிர் இரண்டாகி நாலாகிக் கட்டியது.

சுவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
எங்களுக்கும் கொழுந்தனாருக்கும் நடுவே
ஒன்பதங்குலச் சுவர் ஒன்று
முன்சீப் கோர்ட்டில் ஆறு வருஷமாக நிற்கிறது.
அவர்கள் ஆணி அடித்தால்
எங்கள் காலண்டர் விழும்.
கமிஷனராக வந்த வக்கீல் டேப்பை நீட்டினார்,
இரண்டு வீட்டிலும் நன்னாரி சர்பத் குடித்தார்,
"இரு தரப்புக்கும் பொதுவானது போலத் தெரிகிறது" என்று
அறிக்கை எழுதினார்.
போல!
அதற்கா ஆயிரத்து ஐந்நூறு கட்டினோம் என்று
அன்றிரவு முழுக்கத் திட்டினேன்.

மதியம் பாவாடைராயன் வந்தார்,
முடசலோடையிலிருந்து
நண்டு ஆராய்ச்சிக்குக் கூடை கொண்டுவருபவர்.
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து,
"இதுக்கா இத்தினி கண்ணாடி?
எங்களுக்கு ரெண்டே வகை.
வலையைக் கிழிக்கிற கல்லு, கிழிக்காத கல்லு."

"இது?"

பெருவிரலால் மேலே தடவினார்.
பிறகு திருப்பிக் கீழே.
"இந்தப் பக்கம் கிழிக்கும்.
அந்தப் பக்கம் தேஞ்சி போச்சி, உருண்டு கிடந்திருக்கும்.
முந்தி அதுவும் கிழிச்சதுதான்."

கூடைக்குள் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற,
அவர் போய்விட்டார்.

மூன்று நாளாக
தேய்மானத்தைச் சுவர் என்று அளந்திருக்கிறேன்,
மில்லிமீட்டரில், இரண்டு தசமத் தானம் வரை.

விளக்கைச் சாய்த்து மறுபடி பார்த்தேன்.
கீழே, ஓர் ஓரத்தில்,
புழு துளைத்த பள்ளத்துக்குள் அலை தொடாமல்
நாலே நாலு அறைகள்.
நடுவே சந்து.
மயிரிழைதான். இருக்கிறது.

நாலு அறையை நம்பி
நானூறு அறைக்குப் பெயர் வைக்கலாமா?

பென்சிலில் எழுதினேன். மை வேண்டாம், ஆறு பக்கத்தில் இருக்கிறது.
எண் 83. டிப்சாஸ்ட்ரேயா போலத் தெரிகிறது.
போல என்பதை அழித்தேன்,
ரப்பர் தூளை ஊதினேன்,
மறுபடி எழுதினேன்.
மேகம் படிந்த பழைய சீட்டை எறியவில்லை,
புதியதன் அடியில் மடித்து வைத்தேன்.

கமிஷனர் என்ன செய்திருப்பார் பாவம்,
அந்தச் சுவரில் எத்தனை பூச்சு.

எண்பத்து நான்கு கிளை விட்ட பவளம்.
இதற்குச் சுவர்த் தகராறு இருக்காது.
நுனி ஒடிந்திருக்கிறது.
நூலோ நுனியைப் பார் என்கிறது.